கரையில் நட்ட குச்சி

காசிநாதன் மனைவியோடு காரிலிருந்து இறங்கி வாயைத் திறந்ததுமே மோகனாவுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. ஆறு வருஷத்தில் தலை நரைத்து, தொப்பை போட்டிருந்தது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. "ஆறு எவ்ளோ தூரம்மா? ரொம்ப நடக்கணுமா?" என்று கேட்டார். அவருக்கு அவளைத் தெரியவில்லை. தோல் தொழிற்சாலை கேட்டில் தன் காலைப் பிடித்து அழுதவளை, "இந்தம்மாவ அனுப்புப்பா, பேஜார் பண்றாங்க" என்று வாட்ச்மேனிடம் தள்ளிவிட்டுப் போன மனுஷன் முகத்தைப் பார்த்தா இருப்பார்?

"கிட்டதான் சார், வாங்க" என்றாள் மோகனா. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

புருஷன் அன்பரசன் செத்த பிறகு ஆம்பூரில் அவளுக்கு ஒட்டவில்லை. ஜவ்வாது மலையடிவாரத்துத் தாய்வீட்டுக்கே வந்துவிட்டாள். வெளியூர்க்காரர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய் ஆற்றைக் காட்டிவிட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருவதுதான் இப்போது அவள் வேலை. வழியெல்லாம் மூங்கில் புதர். அது முடிகிற இடத்தில் பள்ளத்தாக்கு சட்டென்று விரியும். இரண்டு பக்கமும் பச்சை போர்த்திய மலை, நடுவே பாறைகளைச் சுற்றிக்கொண்டு ஆறு. நீர்மருத மரங்கள் தண்ணீர் மேல் சாய்ந்து நிற்க, வெள்ளைப்பாறை மடுவில் அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம். ஈர மணலில் மஞ்சள் பட்டாம்பூச்சிகள் கும்பலாக உட்கார்ந்திருந்தன.

காசிநாதன் மூச்சை நன்றாக இழுத்து மனைவியிடம் சொன்னார். "முப்பது வருஷம் அந்த தோல் நாத்தத்துலயே கெடந்தேன்டி. காத்துன்னா இதான் காத்து."

அன்பரசன் கடைசியாக இழுத்த மூச்சும் அந்த நாற்றம்தானே? கழிவுத் தொட்டியைச் சுத்தம் பண்ணுவதென்றால் உள்ளே தேங்கிய விஷவாயு போக மூடியைத் திறந்து அரை நாளாவது காற்றாட விட வேண்டும். அன்றைக்கு அவசரம். மேலே நின்ற சூப்பர்வைசர் காசிநாதன், "ஒன்னும் ஆவாது, எறங்கு" என்றார். கூட நின்ற தபரேஸ் அண்ணன்தான் இதை அவளிடம் அழுதுகொண்டே சொன்னார். பிற்பாடு விசாரணையில், சொல்லாமல் கொள்ளாமல் அவனாகவே இறங்கினான் என்று காசிநாதன் எழுதிக் கொடுத்தார். செத்தவன் மேலேயே பழி.

அவள் வழக்கம்போல ஒரு குச்சியை ஒடித்து, தண்ணீர் தொடும் இடத்தில் நட்டாள்.

"இன்னாம்மா அது?" என்றார் காசிநாதன்.

"அடையாளம் சார்."

எதற்கு அடையாளம் என்று மற்றவர்களுக்கு விளக்கமாகச் சொல்வாள். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேல்மலையில் மழை கொட்டினால் ஆறு புரண்டு வரும். முதலில் சருகு மிதந்து வரும், பிறகு தண்ணீர் கலங்கும், குச்சி முங்கும். குச்சி முங்கிய பிறகு ஓட நேரமிருக்காது. அதனால் முதல் சருகைக் கண்டதுமே விசில் ஊதிவிட வேண்டும். மேல்மலை முகடு கறுத்திருப்பதை வரும்போதே பார்த்துவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் மடுவில் இறங்க விட்டிருக்க மாட்டாள்.

காசிநாதன் சட்டையைக் கழற்றினார். ஒரு காலை வைத்தவர் பின்வாங்கினார். "நீ மொதல்ல எறங்கிக் காட்டும்மா."

இங்கேயும் முதலில் இறங்க இன்னொருத்தர் வேண்டியிருந்தது! மோகனா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடு மடுவரை போனாள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று திரும்பி, அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒன்னும் ஆவாது, எறங்குங்க."

அவர் முகத்தில் ஏதாவது மாறுகிறதா என்று பார்த்தாள். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு அவர் இறங்கினார். அவள் கரையேறினாள். மனைவி மேட்டுப் பாறையில் உட்கார்ந்து போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சார், உங்க கம்பெனியில அன்பரசன்னு ஒருத்தர் வேல செஞ்சாரே, ஞாபகம் இருக்கா?"

"எந்த அன்பரசன்?" நடு மடுவில் மல்லாந்து மிதந்தபடி கண்ணைத் திறக்காமல் யோசித்தார். "எத்தினி பேரு வந்தாங்க, போனாங்க. யாருன்னு சொல்றது? உனக்கு வேண்டியவனா?"

"ஆமா சார்" என்றாள்.

பேரைக் கேட்டதும் ஒரு நொடி வாயடைத்துப் போயிருந்தால்கூடப் போதும் என்று இருந்தது அவளுக்கு. அதுகூட இல்லை. பட்டாம்பூச்சிகள் மொத்தமாக எழுந்து பறந்தன. மேலே பாறை இடுக்கிலிருந்து ஒரு சருகு வந்தது. அதன் பின்னால் நான்கைந்து. மோகனா விசிலை எடுத்துப் பல்லுக்கிடையில் வைத்தாள். நெஞ்சு முட்ட மூச்சை இழுத்தாள். இழுத்த மூச்சு அங்கேயே நின்றது.

குச்சி பாதி நனைந்திருந்தது.

காசிநாதன் எழுந்து நின்று, இடுப்பை உரசிக்கொண்டு போன சருகு ஒன்றை எடுத்தார். தேக்கு இலை, நரம்பெல்லாம் சிவந்திருந்தது. உள்ளங்கையில் விரித்து வைத்து, வெயிலுக்கு நேரே தூக்கி மனைவியிடம் காட்டினார்.

"இத ஒரு போட்டோ எடு. பாரேன், எவ்ளோ அழகா கீது!"