ரெண்டரைப் பேரு

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நுவரெலியா மாவட்டத்தின் தேர்தல் வரலாற்றைப் பத்துப் பக்கத்தில் எழுதித் தரும்படி வாசிகசாலை மலர்க்குழுவினர் கேட்டிருந்தனர். நானும் ஒழுங்காகவே தொடங்கினேன்:

"1947இல் மலையக மக்கள் வாக்களித்துத் தம்மவர் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டு குடியுரிமைச் சட்டம் வந்தது. 1952இல் வாக்குச்சாவடி இருந்தது, பெட்டி இருந்தது, மலைகளில் மக்களும் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்தான் வாக்காளர் இடாப்பில் இருக்கவில்லை. 1977இல் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியானபோது..."

ஆனபோது என்ன? வாக்கியம் அங்கேயே நிற்கிறது. அதை முடிக்குமுன், இன்றைய இடாப்பு எப்படித் தயாராகிறது என்று பார்க்க ஆவல் எழுந்தது. லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்துக் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்துக்குப் போனேன். சுவரில் தொங்கிய தாள்களை ஒரு பெண் விரலால் வரிவரியாகத் தடவிக்கொண்டிருந்தார்.

"சார், இதுல செல்லசாமி இருக்காரு. பிரேமினி இருக்கா. நான் எங்க?"

வரலாறு அன்றோடு நின்றுவிட்டது.

2

அவர் பெயர் நாகலெட்சுமி. (கதைக்குள் வந்துவிட்டதால் இனி 'அவள்' என்கிறேன். கதைக்கு வெளியே அவர் 'அவர்'தான்.)

'பேர்' என்ற சொல்லுக்கு எங்கள் தோட்டங்களில் ஒரு பொருள் அதிகம். ஒரு நாள் வேலை முழுதாகப் பதிவானால் அது ஒரு பேர். பறித்த கொழுந்து எடை குறைந்தால் அரைப் பேர். மனிதர்களை எண்ணுவதும் அதே சொல்லால்தான்.

அன்று விடாத மழை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நாகலெட்சுமிக்குக் கங்காணி அரைப் பேர் போட்டிருந்தார். அந்த எரிச்சல் ஆறுமுன், வாக்காளர் படிவங்களோடு சிவகரன் வந்து நின்றான். வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்த எழுதுவினைஞன்.

"உங்கட வீட்டில எத்தனை பேர், அம்மா?"

"ரெண்டரைப் பேருங்க."

அவன் பேனா ஒரு கணம் தயங்கியது. "முழுசா ரெண்டு பேரும் ஆர்?"

"வீட்டுக்காரரு செல்லசாமி, மக பிரேமினி. அரையக் கேக்காதீங்க. மழையில அம்புட்டுத்தான் முடிஞ்சிச்சு."

அரை என்றால் பதினெட்டு வயது ஆகாத பிள்ளை என்று எடுத்துக்கொண்ட சிவகரன், சொன்ன இரண்டு பெயரை மட்டும் எழுதினான்; சொன்னவளின் பெயரைக் கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. மழையில் நனைந்து காய்ச்சல் போலும். "பிள்ளையைக் கவனமாப் பாருங்கோ" என்றான் கனிவாக. அவன் பிரேமினியைச் சொல்கிறான் என்று நினைத்து, அவளும் நன்றியோடு தலையாட்டினாள்.*

[* 'படிவத்தில் கையொப்பமிட்டவர் வாசித்துப் பார்க்கவில்லையா?' என்று கேட்பீர்கள். கையொப்பமிட்டவர் செல்லசாமி. அன்று மாலை கிரிக்கெட் நடந்தது.]

3

முதல் பிரதியில் சிவகரனுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, அலட்சியமாகச் சிரிக்கவும் வைத்திருந்தேன். கெட்டவன் ஒருவன் கிடைத்தால் எழுதுகிறவனுக்கு வசதி. ஆனால் அவன் படிவங்களுக்குக் குடை பிடித்துத் தான் நனைந்தபடி தொழிலாளர் வரிசைவீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கியிருக்கிறான். கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

பிறகு, பழக்க தோஷத்தால், ஒரு நீதிக்கதை சேர்த்தேன். காட்டில் குடிக்கணக்கு எடுத்த நரி நத்தையைக் கண்டு, "இது வீடா, வீட்டுக்காரனா?" என்று யோசித்து, வீடென்று எழுதிக்கொண்டு போனது. "உள்ளே ஆள் உண்டு" என்று சொல்ல நத்தை தலையை நீட்டுவதற்குள் நரி மூன்று மலை தாண்டிவிட்டது. இதனால் அறியப்படுவது

(அறியப்படுவது ஒன்றுமில்லை. இந்தக் கதை நத்தையின் வேகத்தைக் குறை சொல்கிறது. அடித்துவிட்டேன்.)

4

விடுபட்ட பெயரைச் சேர்க்க விண்ணப்பிக்கும் கடைசி நாள் புதன்கிழமை, மாலை நான்கு மணி. போனால் அன்றைய வேலை போகும். செவ்வாயன்று மலையில் கொழுந்து பறிக்கையில், பக்கத்து நிரையிலிருந்த அழகம்மா விடவில்லை.

"ஏன்டி அரைப் பேருக்காரி! அரை ஓட்டாவது தரச் சொல்லேன். ஓட்டுச்சீட்டுப் புள்ளடியில ஒரு கோட்ட மட்டும் இழுத்துட்டு வா. மத்தக் கோட்ட நான் இழுக்கிறேன்."

நிரை முழுவதும் சிரித்தது. நாகலெட்சுமியும் சிரித்தாள், கை மட்டும் கொழுந்தை விட்டுவிட்டு நின்றது.

"இத்தன வருசமா ஓட்டுப் போட்டு என்னத்தடி கண்ட? ஒரு பேரக் கெடுத்துக்கிட்டுப் போறியே."

"ஒண்ணும் காணல. அதுக்குத்தான் மறுபடி போடணுங்கிறேன்" என்றாள் நாகலெட்சுமி. "நாளைக்கி வேலையில பேரு போனா மறுநாளு வரும். அந்தத் தாள்ல போனா, வாக்குச்சாவடியில என்னை யாருன்னு சொல்லுவாங்க? செல்லசாமி சம்சாரம்னா?"

அழகம்மா கைக்கொழுந்தைக் கூடையில் போட்டாள். பிறகு, "மத்தியானத்துக்கு முன்ன போயிரு. சாப்பாட்டுக்குப் போனா அந்த ஐயா லேசுல திரும்ப மாட்டாரு" என்றாள்.

5

முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருந்தேன்.

(அ) அலுவலர் புன்னகையோடு பெயரைப் பதிகிறார், வரிசை கைதட்டுகிறது. தேர்தல் சுவரொட்டி போலிருக்கிறது. நீக்கம்.

(ஆ) நான்கு மணிக்குக் கதவு சாத்தப்படுகிறது. அவள் நனைந்தபடி மலையேறுகிறாள். மலையகப் பெண்ணை மழையில் திருப்பி அனுப்பிய கதைகள் போதும். நீக்கம்.

எது வேண்டும் என்று இன்று அவரிடமே கேட்டேன். ஆம், இன்று புதன்கிழமை. காலையிலிருந்தே வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்கிறேன், என் புள்ளிவிவரங்களுக்காக.

"நீங்க எழுதிட்டா முடிஞ்சிரும் சார். நான் இன்னும் உள்ளயே போகலியே" என்றார் நாகலெட்சுமி.

6

இதை வரிசையில் நின்றபடியே எழுதுகிறேன்; கையெழுத்தை மன்னியுங்கள். மூன்றரை மணிக்கு, அடையாள அட்டையின் பிரதி வேண்டும் என்று உள்ளிருந்து அறிவித்தார்கள். எதிர்க் கடையில் மின்சாரம் இல்லை. "சார், எடத்த விட்றாதீங்க" என்று சொல்லிவிட்டு, நாகலெட்சுமி லிந்துலை டவுனுக்கு ஆட்டோ பிடித்துப் போனார்.

விண்ணப்பிப்பவர் நேரில் வர வேண்டும். அவர் பெயரை நான் சொன்னால் செல்லாது. இப்போது மணி மூன்று ஐம்பத்தொன்று. எனக்கு முன்னால் ஒரே ஒருவர். வளைவில் ஆட்டோச் சத்தம் கேட்கிறது. அவருடையதுதானா என்று இங்கிருந்து தெரியவில்லை. இறங்கிப் போய்ப் பார்க்கலாமென்றால், விட்ட இடம் திரும்பக் கிடைக்காது.

வாசகரே, இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள். கொஞ்சம் இப்படி வந்து இந்த இடத்தில் நில்லுங்கள். யாராவது கேட்டால், ஆள் இருக்கிறது என்று சொல்லுங்கள். நான் ஓடிப்போய் அவரை அழைத்து வருகிறேன்.