மூன்று ஜெயிலும் ஒரு பிரிண்டரும்

ராயபுரத்தில் ஒரே மாடியில், துறைமுகச் சரக்கை வெளியே எடுத்துக் கொடுக்கும் மூன்று கிளியரிங் கம்பெனிகள். கம்ப்யூட்டரும் மூன்றுக்கும் பொதுவாக ஒன்றுதான். அதைக் கட்டி மேய்ப்பது ஃப்ளோரன்ஸின் வேலை. கம்பெனிக்கு ஒன்றாக உள்ளே தனித்தனி அடைப்பு வைத்திருந்தாள். அதற்குப் பெயரே ‘ஜெயில்’. உள்ளே இருப்பவனுக்கு அடுத்த ஜெயிலும் தெரியாது, மெயின் சிஸ்டமும் தெரியாது என்று எல்லோரிடமும் அடித்துச் சொல்லியிருந்தாள்.

அந்தப் பேச்சுக்குத்தான் 2003-இல் சோதனை வந்தது. பாஸ்கர் கம்பெனியின் பழைய இரும்பு எந்த நாளில் துறைமுகத்தை விட்டு வெளியே வரும் என்பது, லாரி கிளம்பும் முன்பே சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் தெரிந்துபோனது. ஒரு முறையல்ல, மூன்று முறை.

ஃப்ளோரன்ஸுக்குப் பக்கத்துக் கம்பெனி குமாஸ்தா ஜுபைர் மேல்தான் கண். போன மாதம் டீ கிளாஸோடு வந்து நின்றான்.

“இன்னாக்கா, பிரிண்டர் ஃபோல்டரு எல்லா ஜெயில்லயும் ஒண்ணாவே கீது? கொஞ்சம் பாரேன்.”

நோண்டாதவனுக்கு இது எப்படித் தெரியும்? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான் என்று முடிவுகட்டி, அன்றே அவன் பெயரைப் பாஸ்கரிடம் போட்டுக் கொடுத்தாள்.

இன்று காலை பாஸ்கர் சொன்னார்: “அவன் மொதலாளிகிட்ட பேசிட்டேன். நீ எழுதிக் குட்த்தா போதும், சாயங்காலமே ஆள தூக்கிருவாங்கோ.”

ஆதாரம் தேடி உட்கார்ந்தாள். ஜுபைரின் ஜெயிலுக்குள் நுழைந்து, வெளியே எட்டிப் பார்க்க என்னென்னவோ செய்தாள். எங்கும் வழியில்லை. கடைசியாகத்தான், பிரிண்டுக்குப் போவதெல்லாம் வந்து சேரும் அந்தப் பிரிண்டர் ஃபோல்டரைத் திறந்தாள். பாஸ்கரின் கன்டெய்னர் பட்டியல் அங்கே பல்லிளித்தது.

அவளுக்கு ஆயுத பூஜை வாரம் ஞாபகம் வந்தது. இருப்பது ஒரு பிரிண்டர், ஆளாளுக்கு அவசரம், ஒரே கத்தல். பொறுமையில்லாமல் மெயின் சிஸ்டத்தின் பிரிண்டர் ஃபோல்டரை மூன்று ஜெயிலுக்குள்ளும் கோத்துவிட்டது அவளேதான்.

யார் யார் என்ன கட்டளை அடித்தார்கள் என்று பார்த்தாள். ஜுபைர் அந்த ஃபோல்டரைத் திறந்தது ஒரே நாள், அவன் டீ கிளாஸோடு வந்த நாள். மூன்றாவது கம்பெனி குமாஸ்தா வரதன் தினமும் காலையில் திறந்திருந்தான். அவன் மேல் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அவன்தான் எதையும் கேட்டதே இல்லையே.

சாயங்காலம் அவள் எழுதிய காகிதத்தை பாஸ்கர் வாங்கிப் படித்தார்.

“இன்னாம்மா, வரதன் பேரு கீது, ஒம் பேரு கீது. ஜுபைரு எங்க?”

“கதவு தொறந்து கீதுன்னு சொல்ல வந்தவன் சார் அவன். தொறந்து வுட்டது நானு.”