இணைந்த ஊர் என்றால்

அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் கட்டம். எந்த நாடு தகவல் தொடர்பு வசதிக்கு என்ன திட்டம் போட்டாலும் அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் வேலை. அன்றைய கூட்டத்துக்கு அவன் கொண்டுவந்த தாளில் மூன்று நாடுகள், ஒரே கேள்வி. ஓர் ஊரை எப்போது "இணைந்த ஊர்" என்று எழுதலாம்?

முதல் நாட்டில், ஊர் எல்லைக்குள் எங்காவது ஓரிடத்தில் சிக்னல் கிடைத்தால் போதும். இரண்டாம் நாட்டில், பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கேபிள் போயிருக்க வேண்டும். மூன்றாம் நாட்டில், வீட்டுக்குள் உட்கார்ந்தபடி பேச முடிய வேண்டும்.

"முதல் நாட்டு விதியை எடுத்துக்குவோம், மேடம்," என்றார் இயக்குநர், கூட்டத்தின் தலைவர் அம்மாளிடம். "முக்கால்வாசி வேலை இன்னிக்கே முடிஞ்சுடும்."

முடிந்துவிடும். இணைந்ததாக எழுதிவிட்ட ஊருக்கு அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தில் செல்போன் கோபுரம் கிடையாது. அவன் அக்கா குடியிருக்கும் மலையடி ஊரும் அதில் அடிபட்டுப்போகும். போன மழையில் அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, ஆம்புலன்ஸைக் கூப்பிட அக்கா சிக்னல் தேடித் தெருவில் ஓடினாள். அத்தான் பிழைத்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை எந்த நாடும் திட்டத்தில் சேர்ப்பதில்லை.

"இதுல ஒரு மலையடி ஊருக்கு போனே போகாது, மேடம்," என்றான். "எங்க அக்கா அங்கதான் இருக்கா."

"அப்படியா?" இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "கூப்பிடுங்களேன். ஸ்பீக்கர்ல போடுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

அக்கா வீட்டில் இருப்பாள், போன் செத்துக் கிடக்கும் என்ற தைரியத்தில் கூப்பிட்டான்.

மணி அடித்தது.

"என்னடா, இன்னிக்கு சீக்கிரமே கூப்பிட்டுட்ட?" அக்காவின் குரல் அறை முழுக்கக் கணீரென்று கேட்டது.

இயக்குநர் சிரிப்பை மறைக்கவில்லை. "உங்க கட்டம் சரியில்லையே, தம்பி."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இன்று புதன்கிழமை. மதியம் அவன் பேசுவான் என்று அக்கா சிக்னல் கிடைக்கும் ஒரே இடத்துக்கு வந்து காத்திருக்கும் நாள். அவனே மறந்து தொலைத்திருந்தான்.

"அக்கா, எங்க நிக்கிற?"

"வேற எங்க? தண்ணித் தொட்டி மேலதான். வெயில்ல மண்டை காயுது, சீக்கிரம் பேசு."

இயக்குநர் விடவில்லை. "தொட்டி ஊருக்குள்ளதானே இருக்கு?"

"யாருடா அது, தொட்டியை விலைக்குக் கேக்குறது?"

தலைவர் அம்மாள் முதல் முறையாக வாய் திறந்தார். "அம்மா, போனை வைக்காம கீழ இறங்கி வீட்டுக்குப் போறீங்களா? பேசிக்கிட்டே போங்க."

"ஏணியில ஒரு கையாலயா? சரி, இறங்குறேன். ஒரு படி ஆடும். ஆள் வச்சு சரிபண்ணுங்கன்னு இவர்கிட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. இவருக்கு எங்க... இந்தா, இந்தப் படிதான்..."

குரல் தேய்ந்தது. கரகரத்தது. "ஐயோ" மாதிரி ஏதோ ஒன்று கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

"பேட்டரி தீர்ந்திருக்கும்," என்றார் இயக்குநர். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

அவன் மறுபடி அழுத்தினான். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் நிதானமாகச் சொன்னது. மறுபடி அழுத்தினான். அதே குரல், அதே நிதானம். அக்கா விழுந்தாளா, வீட்டுக்குப் போனாளா? தெரிய வேண்டுமென்றால் அவள் திரும்பத் தொட்டி மேல் ஏற வேண்டும். விழுந்திருந்தால் எங்கே ஏறுவது?

தலைவர் அம்மாள் பென்சிலை எடுத்து மூன்றாம் நாட்டின் கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டார். "இதுதான் நம்ம விதி. எழுதிக்குங்க."

அவன் காதில் அது விழவில்லை. வராந்தாவில் நின்று போனை அழுத்திக்கொண்டே இருந்தான். ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாம். சொன்னாலும் அங்கே யாரிடம் விசாரிப்பது?

கைக்குள் போன் அதிர்ந்தது.

"டேய்." அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "அந்தம்மா கேட்டாங்களேன்னு வீட்டுக்குப் போய், அடுப்படியில நின்னு தொண்டை கிழியக் கத்தினேன். கேட்டுச்சா?"

"ஒண்ணுமே கேக்கலக்கா."

"அடப்பாவி, காரியத்தைக் கெடுத்துட்டேனா?"

அவன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"அதெல்லாம் இல்ல. நீ முதல்ல கீழ இறங்கு. ரெண்டு கையாலயும் பிடிச்சு இறங்கு."