எட்டு மணி மன்னிப்பு

எட்டு மணி சீரியலில் மருமகள் வாயைத் திறந்தால் வருவது என் குரல். முகம் அவளுடையது, அழுகை என்னுடையது. டப்பிங் அறையில் மைக்கின் முன் நின்று, அவள் உதட்டசைவைப் பார்த்தபடி மன்னிப்புக் கேட்பதுதான் என் பிழைப்பு. அடிவயிற்றை உள்ளே இழுத்து, “தப்பு” என்று சொல்வதற்கு முன் மூச்சை லேசாக உடைப்பேன். அது என் சொந்தச் சரக்கு. டைரக்டர் அதில் சொக்கிப்போய்த்தான் வாரம் தவறாமல் அவளைக் காலில் விழ வைக்கிறார்.

என் வீட்டுக்காரர் முன்பெல்லாம் சீரியல் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். இப்போது மாமியாருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். குடும்பப் பெண் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பார் மாமியார், சமையலறையில் நிற்கும் எனக்குக் கேட்கிற மாதிரி. ஆரம்பத்தில் நானும் சிரித்தேன். பிறகு வேலை முடிந்து வரத் தாமதமானால், டிவியில் கேட்பதுபோல் மன்னிப்புக் கேள் என்று வீட்டுக்காரர் சொல்லத் தொடங்கினார். அடிக்கமாட்டார். கேட்கும்வரை கதவை மறித்து நிற்பார், அவ்வளவுதான். அதற்கே நான் கேட்டுவிடுவேன்.

மகளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. நாளை போய்ச் சேர வேண்டும். அவர் முடியாது என்றுவிட்டார். சீரியலில் ஹாஸ்டலுக்குப் போன நாத்தனார் குடும்ப மானத்தைக் கப்பலேற்றியதைப் பார்த்தாராம். அதற்கும் அழுதவள் நான்தான்.

இன்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு, விளம்பரம் வந்ததும் டிவியை அணைத்தேன்.

“அவ போகட்டும். காலேஜ் ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

குரல் உடையவில்லை. எனக்கே அதிசயமாக இருந்தது.

அவர் எழுந்து போய்க் கதவை மறித்து நின்றார். முகத்தில் கோபமே இல்லை.

“டிவியில எப்படிப் பேசுவ? அப்படிப் பேசு. அப்புறம் பாக்கலாம்.”

மாமியார் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இந்த ஒரு தடவை பணிந்துவிட்டால் மகள் இந்த வீட்டைத் தாண்டவே மாட்டாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“தப்பு என் மேலதான். மன்னிச்சிடுங்க.”

மூச்சு சரியான இடத்தில் உடைந்திருந்தது. ஆனால் நான் வாயைத் திறக்கவே இல்லை. என்னையறியாமல் டிவியைத் திரும்பிப் பார்த்தேன். அது அணைந்துதான் கிடந்தது. அறை வாசலில் மகள் தலைகுனிந்து நின்றாள்.

“நான் எங்கயும் போகலப்பா. அம்மாவ விட்டுடுங்க.”

அவர் திருப்தியாக வழிவிட்டார். மாமியார் மறுபடி டிவியைப் போட்டார்.

மகளை உள்ளே இழுத்துக்கொண்டு போய், இப்படிப் பேச யாரடி சொல்லிக்கொடுத்தது என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“யாரும் சொல்லிக் குடுக்கலம்மா,” என்றாள். “தினமும் கேட்டுக்கிட்டுதானே இருக்கேன்.”