கல்லறைத் திருநாளுக்கு வந்த சூனியக்காரி

என்னைச் சூனியக்காரி என்று முதலில் சொன்னது ழானெத் அத்தை. சொன்ன கையோடு உப்பும் மிளகாயும் எடுத்து என் தலையை மூன்று சுற்று சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி வரவில்லை. ஆகவே என்மேல் இருப்பது சாதாரணக் கண்ணேறு இல்லை, அதைவிடப் பெரிய சமாச்சாரம் என்று முடிவு செய்துவிட்டு, ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, இப்ப நீங்க பண்ணுனது என்ன, நான் பண்றது என்ன?" என்று கேட்டேன்.

"வாய மூடுடி. இது நம்ம வீட்டுப் பழக்கம். உன்னுது பிசாசு வேல."

எனக்குக் கோபம் வந்தால் அடக்கத் தெரியாது. இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன், யாரும் என்னைச் சமாதானப்படுத்த வேண்டாம்.

நான் தெல்ஃபின். பிரான்சில், லியோனில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊர் கோவில்பத்தில் வந்து சொல்தா வீடு, அதாவது பட்டாளத்துக்காரர் வீடு, எது என்று கேட்டால் எங்கள் வீட்டைக் காட்டுவார்கள். அப்பா ஆர்மான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்கியும் சட்டையின் மடிப்புக் கலையாது. அம்மா போன பிறகு அவருடைய தங்கை ழானெத் அத்தைதான் வந்து வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள்.

போன வருஷம் தொலைபேசியில் நானாகத்தான் சொன்னேன். "அப்பா, நான் இப்ப கோவிலுக்குப் போறதில்ல. விக்கான்னு ஒரு மார்க்கம், அதுல இருக்கேன்." அது என்ன என்று கேட்டார். விளக்கினேன். நிலாவை ஒரு தாயாகவும், காட்டை ஒரு தகப்பனாகவும் வைத்துக் கும்பிடுவது. விதைப்பு, அறுப்பு, வெயில், குளிர் என்று வருஷத்தை எட்டாகப் பிரித்து எட்டுக்கும் விழா எடுப்பது. யாருக்கும் கெடுதல் செய்யாதே என்ற ஒன்றைத் தவிர வேறு கட்டளை கிடையாது. இத்தனையும் கேட்டுவிட்டு அப்பா கேட்ட ஒரே கேள்வி, "செய்வினை வப்பியா?"

விக்காவைப் பற்றி எனக்கு மயக்கம் ஒன்றும் இல்லை. இது உலகம் தோன்றிய நாளிலிருந்து இருக்கும் மதம் என்று கதை விடுகிறவர்கள் எங்களிடமும் இருக்கிறார்கள். சுத்தப் பொய். இங்கிலாந்தில் ஆரம்பித்து எண்பது வருஷம்கூட ஆகாத மதம், அப்பாவைவிட இளசாகக்கூட இருக்கலாம். அதனால் என்ன? எனக்கு ஒரு கதவு தேவைப்பட்டது, அது திறந்திருந்தது. கதவுக்கு வயது என்ன என்று நான் விசாரிக்கவில்லை.

இந்த வருஷம் விடுமுறைக்கு நான் வந்த இரண்டாம் நாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. கடலோரப் பட்டினத்திலிருந்து மீன் கொண்டுவரும் அமிர்தம் கூடையை இறக்கிவைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாப்பா, எங்க போட்டுக்கு எவனோ கட்டு கட்டியிருக்கான். வல போட்டா பாசியும் ப்ளாஸ்டிக்கும்தான் வருது. நீ கொஞ்சம் எடுத்து உடு."

"எனக்கு அதெல்லாம் தெரியாதுக்கா."

"தெரியாமலா வெள்ளக்காரன் ஊருலேர்ந்து படிச்சிட்டு வந்த?"

நான் சிரித்துவிட்டேன். அத்தை சிரிக்கவில்லை. அமிர்தம் பின்பக்கம் கை கழுவப் போனதும் என் காதருகே குனிந்து, "என்னமோ நாலு வார்த்த முணுமுணுத்து உடேன். வஞ்சிரத்த நல்லதா பாத்துக் குடுப்பா," என்றாள். பிசாசு வேலைதான், ஆனால் வஞ்சிரத்துக்கு ஆகும். இந்த வீட்டில் நான் வளர்ந்து ஆளானேன் என்பதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

நான் வந்தது இவர்களிடம் மதம் பேச இல்லை. என் பிள்ளையைப் புதைத்த இடத்தைப் பார்க்க வந்தேன்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தேன். எட்டாம் மாதம். மழைக்காலம். பெண் குழந்தை, உயிரில்லாமல் பிறந்தது. என் பக்கத்தில் படுக்கவைக்கக்கூட இல்லை. நான் மயக்கம் தெளிந்து கேட்டபோது அப்பா காரியத்தை முடித்துவிட்டு வந்திருந்தார். "கல்லறையில ஓரமா வச்சாச்சு. ஞானஸ்நானம் ஆகாத புள்ள. பேரு, பூச ஒண்ணும் கெடையாது. பாக்கப் போவ வேணாம்," என்றார். பால் கட்டி நெஞ்சு வலித்துக்கொண்டிருந்தது. அம்மா துணியை இறுக்கிக் கட்டிவிட்டு, அழாதே, அடுத்தது தங்கும் என்றாள். அடுத்தது இல்லை. கட்டியவனும் தங்கவில்லை.

பிறகு எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான். "இப்ப எதுக்கு அது?" விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் அம்மா குறுக்கே விழுந்து தடுத்தாள். அம்மாவும் போய்விட்டாள். இந்த வருஷம் பார்க்காமல் திரும்புவதில்லை என்றுதான் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளைக் கணக்குப் பண்ணி வந்தேன்.

அக்டோபர் கடைசி நாள் எங்கள் மார்க்கத்தில் செத்தவர்களுக்கான நாள். அன்றைக்குப் பொழுது சாயும் நேரம் மொட்டைமாடியில் ஒரு மெழுகுவத்தி ஏற்றி, சொம்பில் தண்ணீரும் தட்டில் கொஞ்சம் சோறும் வைத்து உட்கார்ந்திருந்தேன். மழை வருகிறது என்று துணி எடுக்க வந்த அப்பா பார்த்தார். செருப்புக் காலால் மெழுகுவத்தியைத் தட்டிவிட்டார். சோறு சிதறியது.

"என் வீட்டுல சாத்தானுக்குப் படையலா?"

"சாத்தானுக்கு இல்ல. உங்க பேத்திக்கு."

திரும்பிக் கொடியிலிருந்த துணியை உருவ ஆரம்பித்தார். நான் எழுந்தேன். பல வருஷம் சொல்லாததை அங்கேதான் சொன்னேன்.

"நான் ஏன் இந்த மார்க்கத்துக்குப் போனேன்னு நீங்க ஒரு நாள் கேட்டீங்களாப்பா? என்கூட வேல பாக்குற சேவெரின்னு ஒரு நர்ஸ், ஒரு தோப்புக்குக் கூட்டிட்டுப் போனா. இதே நாள்தான். கொஞ்சம் பேரு வட்டமா நின்னாங்க. அவங்கவங்க வீட்டுல செத்தவங்க பேரச் சொல்லணும், மத்தவங்க எல்லாம் சேந்து அதத் திரும்பச் சொல்லுவாங்க. என் மொற வந்துச்சு. எனக்குச் சொல்ல ஒரு பேரு இல்ல. அங்கேயே, அந்த எடத்துலயே, புள்ளைக்குப் பேரு வச்சேன். முன்ன பின்ன தெரியாத வெள்ளக்காரங்க அத்தன பேரும் அவ பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க. ஞானஸ்நானம் ஆச்சான்னு ஒருத்தரும் கேக்கல. அதுக்குத்தான் போனேன். மந்திரத்துக்கும் போவல, மாயத்துக்கும் போவல."

மனம் இளகுவார் என்று நினைத்தேன். எனக்குப் புத்தி கிடையாது. அப்பா துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பட்டாளக் குரலில் சொன்னார்.

"சரி. நாளைக்கு கோவில் சாமியார்ட்ட போயி, செஞ்ச பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணு. இதெல்லாம் உட்டுட்டேன்னு சொல்லு. அதப் பண்ணுனா நாளன்னிக்கு நானே கூட்டிட்டுப் போயி எடத்தக் காட்டுறேன். இல்லன்னா காட்ட மாட்டேன்."

பெற்ற மகளிடம் பேரம். அதுவும் எதை வைத்து! அன்றைக்கு அவரை அந்த மாடியிலிருந்து தள்ளிவிடலாம் போல இருந்தது. ஆனால் இடம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

மறுநாள் கோவிலுக்குப் போனேன். என் பிள்ளைக்காக மண்டிபோடுவதில் எந்தத் தாய்க்கும் மானம் போய்விடாது, என் நிலாத்தாயும் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. சாமியார் என்னைவிடச் சின்னவர். பாவசங்கீர்த்தனக் கூண்டில் மண்டிபோட்டு, அப்பா சொன்னதால் வந்தேன், இடத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார் என்று உள்ளதைச் சொன்னேன். வலைக்கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"இப்படிக் கட்டாயத்துல வந்தா இது பாவசங்கீர்த்தனம் ஆகாதும்மா. எழுந்திருங்க. உங்களுக்கா தோணுன அன்னிக்கு வாங்க. தோணலன்னாலும் உங்க புள்ளைக்காக நான் ஜெபம் பண்றேன்," என்றார்.

ஒரு சின்னப் பையனுக்குப் புரிகிறது, பெற்றவருக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா "ஆச்சா?" என்றார். "ஆச்சு," என்றேன். பொய்தான். அந்த மனுஷனிடம் உண்மை சொல்ல எனக்கு எந்த அவசியமும் இல்லை.

கல்லறைத் திருநாள் அன்று காலையில் மழை விட்டிருந்தது. ஊரே வந்திருந்தது. பிரான்சிலிருந்து வந்தவர்கள், புதுச்சேரியிலிருந்து வந்தவர்கள், சுண்ணாம்பு காயாத கல்லறைகள், சாமந்தி மாலை, ஊதுவத்திப் புகை. அம்மாவின் கல்லறைக்கு மாலை போட்டோம். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போனார். நான் அப்பாவைப் பார்த்தேன். குடையை ஊன்றிக்கொண்டு நடந்தார். நானும் அத்தையும் பின்னால் போனோம்.

பின்சுவர் ஓரம் ஒரு வேப்பமரத்தடியில் நின்றார். புல்லும் சேறும்தான் இருந்தது. "இங்கதான்," என்றார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டிபோட்டேன். சேற்றில் இரண்டு கையையும் வைத்தேன். பதினேழு வருஷம் கழித்து என் பிள்ளையைத் தொட்டதாக நினைத்தேன்.

"ஏண்ணே," என்றாள் அத்தை. "கெணத்துப் பக்கத்து மூலன்னுல்ல அண்ணிகிட்ட சொன்ன? அண்ணி வருஷா வருஷம் அங்கல்ல மெழுவத்தி வச்சிச்சு."

"இல்ல, இங்கதான்."

"இந்த மரமே அப்ப இல்லண்ணே. இந்தச் செவுரு பின்னால கட்டுனதுதான."

அப்பா மரத்தைப் பார்த்தார், கிணற்றுப் பக்கம் பார்த்தார். இரண்டடி தள்ளி நின்று, "அப்ப இங்க," என்றார். அவர் குரலில் இருந்த பட்டாளம் எங்கோ போய்விட்டது.

நான் எழுந்தேன். "அப்பா, எங்க?"

"எனக்குத் தெரியாது."

அத்தை வாயில் கையை வைத்துக்கொண்டாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "துண்டுல சுத்திக் கருப்பையன் கையில குடுத்தேன். கல்லறைக் கேட்டுக்கு வெளியிலயே. மழ கொட்டிச்சு. நான் உள்ள வரல. எங்க வச்சான்னு கேக்கவும் இல்ல. கேட்டா அழுதுடுவேன்னு இருந்திச்சு. அன்னிக்குத் தெருவுல ஆளுங்க நின்னாங்க."

கருப்பையன் அங்கே குழி வெட்டிக்கொண்டிருந்தவர். அவரும் செத்துப் பல வருஷம் ஆகிறது.

தன்னிடம் இல்லாத ஒன்றை வைத்து என்னிடம் பேரம் பேசியிருக்கிறார். அம்மா பாவம், வருஷா வருஷம் எவர் கல்லறை ஓரத்திலோ மெழுகுவத்தி வைத்திருக்கிறாள். எனக்கு ஒரு பிடி மண்ணைக் காட்டி, அதற்கு என் தெய்வத்தை விலையாகக் கேட்டிருக்கிறார் அப்பா.

"அப்ப எதுக்குப்பா என்னச் சாமியார்ட்ட அனுப்புனீங்க?" கத்தினேன். நாலு வரிசை தள்ளி நின்றவர்கள்வரை கேட்டிருக்கும்.

"நீ திருந்திட்டா போதும், ஏதாவது ஒரு எடத்தக் காட்டிடலாம்னு..."

"ஏதாவது ஒரு எடமா?"

"மெதுவாப் பேசு, தெல்ஃபின். ஊரு பாக்குது."

அந்த வார்த்தைதான். அன்றைக்குக் கேட்டுக்கு வெளியே அவரை நிறுத்தியதும் அதுதான், என் பிள்ளையைத் துண்டில் சுற்றி மறைத்ததும் அதுதான். சேற்றுக் கையோடு அவர் முழங்கையைப் பிடித்தேன். மடிப்புக் கலையாத சட்டைக் கை முழுக்கச் சேறாயிற்று.

"அவ பேரு செலின். சொல்லுங்க."

உதடு அசைந்தது.

"கேக்கல."

"செலின்."

"உங்களுக்கே கேட்டிருக்காது. அவ எந்தப் பக்கம் இருக்கான்னு தெரியாதுல்ல? அப்ப எல்லாப் பக்கமும் கேக்கணும். போங்க. மூலைக்கு மூல நின்னு கூப்புடுங்க. ஊரு பாக்கட்டும்."

அத்தை தடுக்க வந்தாள். நான் பார்த்த பார்வையில் நின்றுவிட்டாள். அப்பா குடையை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சுவரை ஒட்டி நடந்தார். கிணற்று மூலையில் நின்று, "செலின்!" என்று கூப்பிட்டார். பக்கத்தில் மாலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். "யாரு சார், புள்ளையக் காணுமா?" என்று ஒருத்தர் கேட்டார். "என் பேத்தி," என்றார் அப்பா, அழுதுகொண்டே. அடுத்த மூலைக்குப் போனார். கூப்பிட்டார். அதற்கடுத்த மூலைக்கும் போனார்.

நான் மன்னிக்கவில்லை. எண்பது வயதுக் கிழவர் சேற்றில் வழுக்கி வழுக்கி நடப்பதைப் பார்த்தும் என் மனம் இறங்கவில்லை. நாலாவது மூலையில் கூப்பிட்டு முடித்து, தொண்டை கட்டிப்போய், போதுமா என்பதுபோல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னொரு தடவ," என்றேன்.