அப்பா சொன்னதாக

என் அக்கா சாஹூலி பிள்ளை பெற்று நாற்பது நாள் ஆகியிருந்தது. அப்பா இறந்து முப்பத்தைந்து. இரண்டாவது கணக்கு அவளுக்குத் தெரியாது. அன்று காலை கட்டிலில் உட்கார்ந்தபடி இரண்டு ஜோடி காலுறைகளைக் கழற்றிச் சுவரோரம் எறிந்தாள். பிறகு கம்பளித் தொப்பி. பிறகு காதுப் பஞ்சு.

"ஆட்டுக்குக்கூட வருஷத்துக்கு ஒரு தடவ மயிர் வெட்டி விடுவாங்க. என்னை விட்டாங்களா?" என்றாள்.

எங்கள் மலை நகரமான ஆன்ட்சிராபேயில் ஜூலைதான் குளிர்காலம்; விடியும்போது உறைபனியில் புல் வெள்ளையாக இருக்கும். பச்சை உடம்புக்காரியின் மேல் அந்தக் குளிர் படக் கூடாது. மாடி அறையின் ஜன்னல் இடுக்குகளில் பழைய துணி அடைத்து, மூலையில் கரி அடுப்பு வைத்திருந்தோம். வெளியே நான்கு டிகிரி இருந்தால் உள்ளே இருபத்தெட்டு இருக்கும். நான் அப்போதுதான் வேதியியல் படிப்பை முடித்துவிட்டு வந்திருந்தேன். கரிப்புகையைப் பற்றி எனக்குத் தெரியும். ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைப்பேன். அக்காவின் நாத்தனார் ராசுவா வந்து மூடுவாள். திரும்பவும் திறப்பேன்.

"உன் காலேஜுல எத்தனை பேரு பிள்ள பெத்தாங்க?" என்று ஒரு நாள் கேட்டாள். ஆனால் மறுநாள் அவளே ஒரு விரல் அளவு திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அப்பா பெட்டாஃபூவில் தனியாக இருந்தார். அம்மா போன பிறகு எங்கள் இருவரையும் வளர்த்தவர் அவர்தான். முழங்கால் வீங்கியிருந்ததால் பேரனைப் பார்க்க வர முடியவில்லை. அந்த ஊரில் அப்போது தொலைபேசி கிடையாது. வேன்காரர் மூலமாகச் செய்தி சொல்லி அனுப்புவார். நான்காம் நாள் வந்ததுதான் கடைசிச் செய்தி: "கால் தேவலை. கறி அடுப்புக்கு மேல தொங்குது." பிள்ளை பெற்றவளுக்காக உப்புத் தடவிப் புகையில் காயவிட்ட மாட்டிறைச்சி. மறுநாள் தூக்கத்திலேயே போய்விட்டார்.

துக்கம் கேட்டால் பிள்ளை பெற்றவளின் உடம்பில் குளிர் இறங்கிவிடும், அப்புறம் எழ மாட்டாள் என்பார்கள். ராசுவாவின் சித்தி ஒருத்தி அப்படித்தான் போனாளாம். நாற்பது நாளும் சொல்வதில்லை என்று முடிவானது. அத்தான் மட்டும் அடக்கத்துக்குப் போனார். அக்காவிடம் ஆலையில் இரட்டை வேலை என்று சொன்னோம். நானும் இல்லாமல் போனால் சந்தேகம் வரும் என்பதால் நான் போகவில்லை. அத்தான் திரும்பி வந்தபோது அடுப்புக்கு மேல் தொங்கிய கறியைக் கொண்டுவந்தார். அன்று மத்தியானம், வேனில் வந்ததாகச் சொல்லி, அதைக் கஞ்சியோடு அக்காவுக்குக் கொடுத்தேன்.

"அப்பா என்ன சொல்லி அனுப்புனாரு?" என்றாள்.

நான் அடுப்பைக் கிளறினேன். "பிள்ளைக்கு மூக்கு யாரு மாதிரின்னு கேட்டாராம்."

அப்படித்தான் ஆரம்பித்தது.

தாய்ப்பால் ஊறக் கூனி இறால் சாறு வைக்க என்று, பார்க்க வருபவர்கள் ஒரு பணக் கவர் கொடுப்பார்கள். இறந்த வீட்டில் கண்ணீர் துடைக்க என்றும் ஒரு கவர் உண்டு. அந்த மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் இரண்டும் கொண்டுவந்தார்கள். கீழே என் கையைப் பிடித்து அழுது ஒன்றைக் கொடுப்பார்கள். ராசுவா மாடிப்படி அருகில் நிற்பாள்.

"மூக்கச் சிந்திட்டு ஏறு. மேல சிரிக்கணும்."

"வலது பையில சிரிப்பு, இடது பையில அழுகை. மாத்திக் குடுத்துடாம இருக்கணுமேன்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தேன்," என்றாள் ஒரு பக்கத்து வீட்டுக்காரி. நானும் ராசுவாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். பிறகு ராசுவா என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் சூடாக்கப் போனாள்.

வருடங்கள் கழித்தும், எங்காவது கரி மூட்டும் வாசனை வந்தால் அந்த அறைதான் நினைவுக்கு வருகிறது. வியர்த்த கம்பளி, பால், புகை. அக்காவின் காலடியில் கம்பளிக்குள் காலை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கீழே இருக்கும்வரை நான் தகப்பனை இழந்தவள். பன்னிரண்டு படி ஏறினால் அப்பா இருந்தார். முழங்காலுக்கு ஆமணக்கு இலை கட்டினார். கோழி காணாமல் போனதற்குப் பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போட்டார். நிஜத்தில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாத மனுஷர்.

"பேரன் பொறந்ததும் வாய் நீண்டுடுச்சு பாரேன்," என்பாள் அக்கா. அவளுக்குச் சந்தோஷம். எனக்கும்தான்.

இருபத்திரண்டாம் நாள் அந்தக் கறி தீர்ந்தது. அன்றுதான் அவள் பெயர் கேட்டாள். பிள்ளைக்கு நம் அப்பாதான் பெயர் வைக்க வேண்டும், சொல்லி அனுப்பு என்றாள். வேன் வரும் நாள்வரை காத்திருந்தேன். பார்க்க வந்தவர்களில் இரண்டு பேர் பிள்ளையின் பெயரைக் கேட்டுவிட்டார்கள் என்று அவளே நினைவூட்டினாள். இருபத்தைந்தாம் நாள், அப்பா சொன்ன பெயர் தாஹினா என்றேன். அவள் அதைப் பிள்ளையின் காதில் மூன்று முறை சொன்னாள். அதன் பிறகு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

முப்பத்தொன்பதாம் நாள் ராசுவா என்னைச் சமையலறையில் நிறுத்தினாள். "நாளைக்குச் சொல்லிடணும். நீதான் சொல்லணும்."

"இன்னும் ஒரு வாரம் போகட்டுமே. குளிர் விடலயே."

"குளிர் அவளுக்கா, உனக்கா?"

நான் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே காய்ந்திருந்தது.

இப்போது, நாற்பதாம் நாள் காலை, அக்கா ஜன்னல் துணிகளை உருவிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் வந்ததும் அறை சிறியதாகத் தெரிந்தது.

"கிளம்பு ஃபாரா. பத்து மணி வேனப் பிடிச்சா மத்தியானச் சோறு அப்பா கையால. வெச்ச பேர அவர் வாயால கூப்பிட்டுக் கேக்கணும்."

பிள்ளையை மடியில் கிடத்தி ஸ்வெட்டர் மாட்டத் தொடங்கினாள். நான் கதவருகே நின்றேன். முதலில் சின்னதைச் சொல்லலாம் என்று தோன்றியது.

"அந்தப் பேர அப்பா வெக்கலக்கா. நான் வெச்சேன்."

அவள் சிரித்தாள். "அதான பாத்தேன். நாய்க்குப் பேரு வெக்கவே மூணு மாசம் யோசிச்ச மனுஷன். அவரு என்ன பேரு சொன்னாரு? கேக்கச் சகிக்கலையா?"

"அவர்கிட்ட கேக்கல."

"ஏன்டி?"

பிள்ளையின் ஒரு கை சட்டைக்குள் போயிருந்தது. இன்னொரு கை வெளியே, விரல்களை விரித்து மூடிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பிடிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாக்கியத்தை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்குள்ளேகூட முழுதாகச் சொல்லிப் பார்த்ததில்லை.

"அப்பா செத்துப் போயிட்டாரு," என்றேன்.