மஞ்சள் தண்ணீர் பட்ட சென்சர்

என் மனுசன் கீர்த்திகன் கட்டாரில் குளிரறை திருத்துகிற வேலை செய்கிறார். பாலைவனத்துச் சனத்தின் பாலும் இறைச்சியும் கெட்டுப்போகாமல் பார்ப்பது அவர் பொறுப்பு. இங்கே கொழும்புத்துறையில் எங்கள் வீட்டுப் பிறிட்ஜுக்குள் பால் திரைந்து கிடந்தது. மேலே ஐஸ் பெட்டிக்குள் பனி சுவராக எழும்பி நிற்க, கீழே வைத்த கத்தரிக்காய் வாடி வதங்கிப்போயிற்று. இதை வெளியே சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

பக்கத்து வீட்டு லூர்த்தம்மா சிரித்தே விட்டார். "உன்ரை மனுசன் உலகத்துக்கெல்லாம் பிறிட்ஜ் திருத்துறார், உனக்கு வந்த கதியைப் பார் பிள்ளை," என்றுகொண்டே என் சாமான்களைத் தன்னுடைய பிறிட்ஜில் அடுக்கினார். ரவுணில் திருத்துகிற ஒருவரின் நம்பரும் தந்தார். அந்த நம்பருக்கு நான் எடுக்கவில்லை. எனக்கு என் மனுசனோடு கதைக்க ஒரு சாட்டு வேண்டியிருந்தது.

கட்டின மனுசனோடு கதைக்கச் சாட்டு எதற்கு என்று கேட்பீர்கள். மனுசனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இருந்து பாருங்கள், தெரியும். "சாப்பிட்டீரோ?" "ஓம், நீங்கள்?" "ஓம். என்ன கறி?" அதோடு கதை முடிந்துவிடும். பிறகு இரண்டு பேரும் போனுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்போம்.

கேட்க என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. கார்த்திகையோடு அவருடைய வேலை ஒப்பந்தம் முடிகிறது. திரும்பவும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைப்பாரா, வீட்டுக்கு வருவாரா? போன முறை நான் அழுதுதான் அவரை வரவழைத்தேன். இங்கே வந்து நிரந்தரமாக ஒரு வேலை கிடைக்காமல், முகம் செத்துத் திரிந்து, திரும்பவும் விமானம் ஏறினார். அதனால் இந்த முறை வாயைத் திறப்பதில்லை என்று இருந்தேன். ஆனால் எனக்கு அவர் வேண்டும். அடுப்படியில் வேண்டும், படுக்கையில் வேண்டும், சண்டை பிடிக்கவும் பக்கத்தில் வேண்டும். போனோடு எவ்வளவு காலத்துக்குச் சண்டை பிடிப்பது?

பிறிட்ஜ் பழுது என்று சொன்னதும் அவருடைய குரலில் உயிர் வந்தது.

"முதல்லை பிளக்கைக் கழட்டும். கத்தியாலை பனியைக் கிண்டிப் போடாதேயும், உள்ளுக்கை இருக்கிற குழாய் ஓட்டையாப் போகும். கதவைத் திறந்து விடும், தானாக் கரையட்டும். நாளைக்குச் சாப்பாட்டு நேரத்திலை வீடியோவிலை வாறன்."

என்னைக் கலியாணம் பேசிய நாட்களில்கூட அவர் ஒரே மூச்சில் இவ்வளவு கதைத்ததில்லை.

மறுநாள் மத்தியானம் சொன்னபடி வந்தார். நான் போனைப் பிறிட்ஜுக்கு நேரே கதிரையில் சாத்தி வைத்தேன். பனி பாதி கரைந்து, கீழே வைத்த சட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பனிக்குள் புதைந்திருந்த ஒரு பை வெளியே வந்தது.

"உது என்ன பை?"

"கறுத்தக்கொழும்பான் மாம்பழம். ஆடியிலை வாறன் எண்டு சொன்னனீங்களெல்லோ. வெட்டி வைச்சனான்."

ஆடியில் லீவு கிடைக்கவில்லை. ஆவணியிலும் கிடைக்கவில்லை. அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

"கரைஞ்சால் பழுதாப் போகும். இருந்து சாப்பிடும்," என்றார்.

ஈரமான நிலத்தில் சம்மாணம் கட்டி இருந்து சாப்பிட்டேன். பல் கூசியது. அவர் தன்னுடைய சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனிக்கிறதா என்று கேட்டார். இனிக்கிறது என்றேன். வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. அவருக்கென்று வைத்ததை அவர் பார்க்க நானே தின்று முடித்தேன்.

அடுத்த நாள் உள்பக்கத்து மூடியைக் கழற்றச் சொன்னார். அந்த ஸ்குறூக்கள் எனக்குப் பழக்கம்தான். ஆனால் அதைச் சொல்லாமல், தெரியாதவள் போலத் தடவித் தடவிக் கழற்றினேன். உள்ளே வளைந்து வளைந்து ஓடும் குழாய்களில் ஒன்றோடு, விரல் நுனியளவில் வெள்ளைக் குமிழ் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து இரண்டு வயர்கள் போயின.

"அதுதான் சென்சர். குழாய் எவ்வளவு குளிருது எண்டு அதுதான் மெசினுக்குச் சொல்ல வேணும். அது சொன்னால்தான் சூடு வந்து பனியைக் கரைக்கும். வயரைச் செருகியிலையிருந்து கழட்டிப்போட்டு, என்ரை பழைய மீற்றரை எடும்."

மீற்றரின் இரண்டு முனைகளையும் வயர்களில் பிடித்தேன். ஒரு எண் வந்தது. குமிழை ஐஸ் தண்ணீருக்குள் விடச் சொன்னார். விட்டேன்.

"குளிர் பட்டால் எண் ஏற வேணும். ஏறுதோ?"

"ஏறுது."

"அப்ப சென்சரிலை பிழை இல்லை. அது குளிரை அறியுது, ஆனால் சொல்லுறது போய்ச் சேரேல்லை. செருகியைக் கிட்டக் காட்டும்."

காட்டினேன். உள்ளே இருந்த சின்னக் கம்பிகளில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. சுற்றிவர மஞ்சள்.

"இதுக்குள்ளை என்ன ஊத்தினனீர்?"

"ஒண்டும் ஊத்தேல்லை."

"இஞ்சரும், பழுது தன்ரை பாட்டிலை வராது. அதுக்கு முதல் என்ன செய்தனீர் எண்டு சொல்லும்."

கட்டாரில் கடைக்காரர்களிடம் கேட்கிற குரலாக்கும். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"கந்தசட்டி விரதத்துக்குக் கழுவினனான். முந்தி ஒருக்கா கரண்ட் நிண்டு, மீன் தண்ணி உதுக்குள்ளை வடிஞ்சதெல்லோ. மச்சம் பட்ட இடத்தை அப்பிடியே வைச்சுக்கொண்டு விரதம் பிடிக்கலாமோ? மூடியைக் கழட்டி மஞ்சள் தண்ணி ஊத்தினனான்."

விரதம் வந்தால் வீடு கழுவுவார்கள், மீன் சட்டியைக் கோடிப் பக்கம் கவிழ்ப்பார்கள். பிறிட்ஜின் குடலை உருவிக் கழுவியவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம். இன்னும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று விட்டேன்.

சிரிப்பு மெல்ல அடங்கியது. "நீர் வெள்ளிக்கிழமையும் மீன் கேக்கிற ஆளெல்லோ. சட்டி விரதம் பிடிக்கிற அளவுக்கு என்ன நேர்த்தி?"

போனைப் பார்க்காமல் சொன்னேன். "நீங்கள் திரும்பக் கையெழுத்து வைக்கக் கூடாது எண்டு. வேலை இல்லாட்டிலும் பரவாயில்லை, முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரிஞ்சாலும் பரவாயில்லை, இஞ்சை இருக்க வேணும் எண்டு."



"நான் வைச்சிட்டன், நிவேதனா."

பெயர் சொல்லிக் கூப்பிட்டதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. "எப்ப?"

"பிறிட்ஜ் பழுது எண்டு நீர் எடுத்ததுக்கு முதல் நாள்."

"அப்ப நான் மாம்பழம் சாப்பிடேக்கை உங்களுக்குத் தெரியும்."

"ஓம். சொல்ல வேணும் எண்டுதான் இந்த ரெண்டு நாளும் எடுத்தனான். நீர் பிறிட்ஜைக் காட்டத் தொடங்கினால், இது முடியட்டும் எண்டு விட்டிடுவன்."

இரண்டு பேரும் ஒரே பழுதுக்குள் ஒளித்திருந்தோம். அந்த மீற்றரைத் தூக்கிப் போனில் எறியலாம் போல ஆத்திரம் வந்தது. எறிந்தால் அவர் முகமும் போய்விடும், அதனால் எறியவில்லை.

"கோபமோ?"

"ஓம்."

அதற்குப் பிறகு செருகியை எப்படித் துடைப்பது என்று சொன்னார். மெல்லிய துணி, பழைய பல் தூரிகை, ஈரம் உலர ஃபான் காற்று. சொன்னதையெல்லாம் செய்தேன். கண்ணீரை மட்டும் தோளில் துடைத்துக்கொண்டேன், கை ஈரமாகக் கூடாது என்றார். வயரைச் செருகி, மூடியைப் பூட்டி, பிளக்கைக் கொளுவினேன். பிறிட்ஜ் ஒரு முறை குலுங்கி ஓடத் தொடங்கியது.

"இனிப் பனி ஏறாது. எண்டாலும் நாளைக்கு எடுத்து ஒருக்காப் பாக்கிறன்," என்றார்.

"இனி ஏறாது எண்டு இப்பதானே சொன்னனீங்கள்."

"சும்மா ஒருக்கா எடுக்கிறனே."

"எடுக்க வேண்டாம்," என்றேன். "வாங்கோ."